ஏழு குடும்பப் பெயர்கள், ஏழு பெண்கள்

தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே டிரிஸ்டன் ட குன்யா என்றொரு எரிமலைத் தீவு இருக்கிறது. அதற்கு மிக அருகில் மனிதர்கள் வசிக்கும் நிலம் செயின்ட் ஹெலினா. அதுவே சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளி. விமானம் போகாது. கேப் டவுனிலிருந்து கப்பலேறினால் ஒரு வாரம் ஆகும். தீவில் ஒரே ஓர் ஊர். அதில் இருநூற்றைம்பது பேர் அளவில் இருப்பார்கள். இவ்வளவு சிறிய ஊரை மருத்துவ ஆய்வுலகம் அறிந்து வைத்திருப்பதற்கு முக்கியமான காரணம் ஆஸ்துமா.

உலகம் முழுவதும் 2019இல் சுமார் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர். 1993இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவே ஸமெல் ஒரு குழுவுடன் டிரிஸ்டனுக்குப் போய் ஏறக்குறைய ஊர் முழுவதையும் பரிசோதித்தார். பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஆஸ்துமாவின் அடையாளங்கள், முழுதாகவோ பகுதியாகவோ, தென்பட்டன. ஆஸ்துமாவின் உலகக் கணக்கில் இப்படியோர் எண் எளிதில் கிடைக்காது.

இந்த எண்ணைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் மரபணுவைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த பெண்கள்மீதுதான் கவனம் போகிறது.

1816இல் பிரிட்டன் அங்கே ஒரு படைப்பிரிவை நிறுத்தியது. நெப்போலியனை செயின்ட் ஹெலினாவில் சிறைவைத்திருந்த காலம் அது. அவரை மீட்க வருபவர்கள் டிரிஸ்டனைத் தங்குதளமாக்கிக்கொள்வார்கள் என்று பயம். இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மீட்பு! அரசுகளின் பயத்துக்கு என்றைக்கும் தூரம் தெரிந்ததில்லை. அடுத்த ஆண்டே படை திரும்பிவிட்டது. வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மட்டும் குடும்பத்தோடும் இரண்டு கட்டடத் தொழிலாளிகளோடும் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மனைவி மரியா மக்டலீனா லீண்டர்ஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிப் பெண். மிக இளவயதில் திருமணமானவர். பிறகு பதினாறு குழந்தைகள் பெற்றார். மருத்துவரும் இல்லாத, மருத்துவச்சி என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவரும் இல்லாத தீவு அது. வரலாற்று நூல்கள் வில்லியமைத் தீவின் நிறுவனர் என்கின்றன. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மகன்கள் அனுப்பிவைத்த சலவைக்கல் அவர் கல்லறைமேல் இருக்கிறது. பதினாறு பிள்ளைகள் பெற்றவரை நிறுவனர் என்று சொல்லும் வழக்கம் எந்த வரலாற்றிலும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் உடைந்த கப்பல்களிலிருந்தும் கடந்துபோன கப்பல்களிலிருந்தும் ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். மணமாகாதவர்கள். 1827இல் அவர்கள் ஒரு கப்பல் தலைவரிடம், செயின்ட் ஹெலினாவிலிருந்து தங்களுக்கு மனைவிகளைக் கொண்டுவந்து தரும்படி கேட்டார்கள். அவரும் ஐந்து பெண்களைக் கூட்டிவந்து இறக்கினார். அவர்களில் ஒருத்தி குழந்தைகளோடு வந்தவள். கரையில் முதலில் கால்வைப்பவளைத் தான் கட்டிக்கொள்வதாக தாமஸ் ஸ்வைன் என்பவர் சபதமிட்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. தீவைப் பற்றிய புத்தகங்களில் இது சுவையான துணுக்காகத் திரும்பத் திரும்ப வரும். படகிலிருந்து இறங்கியவளுக்கு அந்தச் சபதம் தெரியுமா, தெரிந்திருந்தால் முதலில் இறங்கியிருப்பாளா என்று கேட்டவர்களை நான் அந்தப் புத்தகங்களில் பார்க்கவில்லை.

அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். செயின்ட் ஹெலினா அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. மதராஸை ஆண்ட அதே கம்பெனிதான். மடகாஸ்கரிலிருந்தும் இந்தியப் பகுதிகளிலிருந்தும் வேறு கீழைக் கரைகளிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து குவித்த தீவு அது. 1827இல் அங்கே அடிமைமுறை முழுதாக ஒழிந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட ஓரிடத்தின் கலப்பினப் பெண்கள் முன்பின் பார்த்திராத ஆண்களுக்கு மனைவியாகக் கப்பலேறியதை ‘சம்மதம்’ என்ற சொல்லால் எழுதிவிட முடியாது. கட்டாயம் என்று எழுதவும் ஆவணம் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்றில்தான் அக்காலத்துப் பெண்களில் பலர் வாழ்ந்தார்கள்.

பிற்காலத்தில் நெதர்லாந்துக்காரர் ஒருவர், அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர்கள், 1892இல் கப்பல் உடைந்து ஒதுங்கிய இத்தாலிய மாலுமிகள் இருவர், 1908 வாக்கில் அயர்லாந்துச் சகோதரிகள் என்று இன்னும் சிலர் சேர்ந்தார்கள். இன்றைய தீவுமக்கள் எல்லோரும் பதினைந்து முன்னோர்களின் வழிவந்தவர்கள் என்பது பொதுவான கணக்கு. எட்டு ஆண்கள், ஏழு பெண்கள். ஆனால் தீவில் நெடுங்காலம் இருந்தவை ஏழே குடும்பப் பெயர்கள்: கிளாஸ், ஸ்வைன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ. ஏழும் ஆண்களின் பெயர்கள். ஏழு பெண்களின் பெயர் ஒன்றுகூட வீட்டுக் கதவில் மிஞ்சவில்லை.

அவர்களிடமிருந்து மிஞ்சியது வேறொன்று. முதல் குடியேறிகளில் மூவருக்கு ஆஸ்துமா இருந்தது என்பது மருத்துவ நூல்கள் தரும் செய்தி. பதினைந்து பேரில் மூன்று பேர் என்பது பெரிய பங்கு. வெளியிலிருந்து புது இரத்தம் வராத ஊரில், சொந்தத்துக்குள்ளேயே மணம் செய்துகொண்ட ஐந்தாறு தலைமுறைகளில், அந்த மூவரின் மரபுக்கூறு ஊர் முழுதும் பரவிவிட்டது. பெரிய ஆற்றில் மூன்று சொட்டு மை விழுந்தால் தெரியாது, குவளைத் தண்ணீரில் விழுந்தால் நிறமே மாறிவிடும். மரபணுவியலில் இதற்குத் தொடக்கக் குழு விளைவு என்று பெயர். இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் தீவில் உண்டு. அவற்றுக்கான ஒவ்வாமையும் அங்கே பரவலாகக் காணப்பட்டது.

1961இல் எரிமலை வெடித்தது. ஊர் மொத்தமும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு சவுத்தாம்ப்டனுக்கு அருகே பழைய விமானப்படை முகாம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டது. மருத்துவர்களுக்கு அது எதிர்பாராத வாய்ப்பு. ஒரு தீவே சோதனைக்கூடத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைக் கேட்டார்கள், வம்சாவளி வரைந்தார்கள். தீவுமக்கள் வாக்களித்து, பெரும்பான்மை முடிவோடு 1963இல் ஊர் திரும்பினார்கள். பரிசோதனைகள் தொடர்ந்தன. 1990களில் டொராண்டோ குழு எடுத்த இரத்தம், கலிஃபோர்னியாவில் சீக்வானா என்ற மரபணு நிறுவனத்தின் ஆய்வகத்தை எட்டியது. ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் என்ற மருந்து நிறுவனம் அந்த ஆய்வில் பணம் போட்டது. 1997இல் ஆஸ்துமாவுக்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. காப்புரிமைப் பேச்சும் கூடவே வந்தது. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஆஸ்துமாவுக்கு ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை, மரபுத்தொகுதியில் பற்பல இடங்களுக்கு அதில் சிறுசிறு பங்கு இருக்கிறது என்று காட்டின.

இதே காலத்தில் தென்னாப்பிரிக்க மரபணுவியலாளர் ஹிம்லா சூட்யாலும் அவருடன் பணியாற்றியவர்களும் டிரிஸ்டன் மக்களின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை ஆராய்ந்தார்கள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது அது. ஆணின் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மறைத்துவிட்ட தாய்வழியை உயிரணு மறக்காமல் வைத்திருக்கும். குடும்பப் பெயர்களை வைத்து ஊர் வரலாறு எழுதியவர்களால் தொடமுடியாத பெண்களை, ஒரு பெண் விஞ்ஞானி வேறு பாதையில் போய்த் தொட்டதை நான் ஆய்வு முடிவாக மட்டும் வாசிக்கவில்லை.

டிரிஸ்டன் கதையில் நான் கவனிப்பது இதுதான்: பெண் நோயின் ஊற்றாக வருகிறாள், கொண்டுவந்தவளாக, கடத்தியவளாக வருகிறாள். அவளே நோயாளியாக, இரவில் மூச்சுக்குத் தவித்தவளாக வருவதில்லை. ஆஸ்துமா ஏன் ஓரிடத்தில் அதிகம், இன்னோரிடத்தில் குறைவு என்று இருபதாம் நூற்றாண்டு சொன்ன விளக்கங்களை எடுத்துப் பார்த்தால் இதே அமைப்பு வேறு வேறு உடையில் வருகிறது.

அமெரிக்காவில் 1930களிலிருந்து உளப்பகுப்பாய்வு மருத்துவத்துக்குள் நுழைந்தது. சிகாகோவில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டரும் தாமஸ் ஃபிரெஞ்சும் 1941இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமாவின் இரைப்பு தாயை நோக்கி எழும் அடக்கப்பட்ட அழுகை என்று விளக்கம் தந்தார்கள். குழந்தையை அளவுமீறிப் பொத்திவைக்கும் தாய், அல்லது மனத்துக்குள் குழந்தையை வெறுத்து ஒதுக்கும் தாய், யாரானாலும் குற்றம் அவளுடையது. அணைத்தாலும் தப்பு, விலகினாலும் தப்பு. (நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தத் தர்க்கத்தை வியன்னாவிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.) முர்ரே பெஷ்கின் என்ற மருத்துவர் இதற்கு ஒரு சிகிச்சையே சொன்னார். குடல்வாலை வெட்டி எடுப்பதுபோல் பெற்றோரை வெட்டி எடுப்பது. அறுவைச் சிகிச்சைக்குரிய விகுதியை ஒட்டி அதற்கொரு பெயரும் வைத்தார். கடுமையான ஆஸ்துமா உள்ள குழந்தைகளை கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரிலிருந்த குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பி, ஓராண்டு இரண்டாண்டு பெற்றோரைப் பிரித்து வைத்தார்கள். பல குழந்தைகளுக்கு நோய் தணியவும் செய்தது. வீட்டுத் தூசியும் அடுப்புப் புகையும் சிகரெட் நெடியும் விட்டுப்போன இடத்தில், மலைக்காற்றில், வேளை தவறாத மருந்தோடு இருந்தால் தணியாதா? ஆனால் தணிந்ததற்குக் காரணம் அம்மா இல்லாததுதான் என்று எழுதினார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் பரவலான பிறகு அந்தக் கோட்பாடு ஓசையின்றி மறைந்தது. குழந்தையை ரயிலேற்றிவிட்டு, தன் கைபட்டால் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டு வெற்று வீட்டுக்குத் திரும்பிய தாய்மாரிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த விளக்கம் இன்னும் நாகரிகமானது. 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1958இல் பிறந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து, அண்ணன் அக்காக்கள் அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தும்மல் ஒவ்வாமை குறைவு என்று காட்டினார். சிறுவயதில் கிருமிகளோடு பழகாத உடல் பிறகு தூசியையும் மகரந்தத்தையும் எதிரியாக நினைத்துக்கொள்கிறது என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது. பெர்லின் சுவர் விழுந்ததும் எரிகா ஃபான் முட்டியஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் இரண்டு ஜெர்மனிகளின் குழந்தைகளையும் ஒப்பிட்டார். நிலக்கரிப் புகை மண்டிய கிழக்கில்தான் ஆஸ்துமா அதிகமிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மேற்கில்தான் அதிகம் இருந்தது. பிறகு ஆல்ப்ஸ் மலைப் பண்ணைகளில் மாட்டுக்கொட்டிலோடு வளரும் குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைவு என்பது தெரியவந்தது. 2016இல் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்களை வைத்து ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. இருவரும் ஐரோப்பிய வழிவந்தவர்கள், மரபிலும் உணவிலும் நெருங்கியவர்கள். பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷ் மக்களிடம் 5 சதவீதம், ஹட்டரைட்டுகளிடம் 21 சதவீதம். ஆமிஷ் குடும்பங்கள் வீட்டை ஒட்டிய சிறு பண்ணையில் குதிரையும் பசுவுமாக வாழ்கின்றன, குழந்தை தவழும் வயதிலேயே கொட்டிலுக்குள் போய்விடும். ஹட்டரைட்டுகள் இயந்திரம் புகுந்த பெரும் கூட்டுப்பண்ணைக்காரர்கள், பிள்ளைகள் கொட்டில் பக்கம் வருவதில்லை. டிரிஸ்டனில் மரபணு பேசியது என்றால் இங்கே சாணி பேசுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஆஸ்துமா ஏன் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்பது கொஞ்சமாவது பிடிபடும்.

இந்த அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு ஒட்டிய பெயரோடுதான் சண்டை. ‘சுகாதாரக் கருதுகோள்’ என்ற பெயர் மக்கள் காதில் விழுந்ததும், அளவுக்கு மிஞ்சித் துடைத்துக் கழுவும் தாய்தான் பிள்ளைக்கு நோய் வரவழைக்கிறாள் என்றாகிவிட்டது. நுண்ணுயிர்களோடு உறவு அறுந்ததற்கு நகரமயமும் சிறுகுடும்பமும் கான்கிரீட்டும் ஆன்டிபயாடிக்கும் சிசேரியனும் என்று நீண்ட பட்டியல் உண்டு. பத்திரிகைப் படங்களில் வந்ததென்னவோ கையுறை மாட்டித் தரை துடைக்கும் பெண்தான். அழுக்கு வீட்டுக்காரி என்ற பழிக்கு அஞ்சித் தேய்த்தவளுக்கு இப்போது சுத்தக்காரி என்ற பழி.

அந்தத் திரவங்களை முகர்ந்துகொண்டு தேய்க்கும் அவளுடைய நுரையீரல் என்ன ஆனது? இந்தக் கேள்வி வர வெகுகாலம் ஆயிற்று. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் சிசிலி ஸ்வானெஸ் உள்ளிட்டோர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். துப்புரவு வேலைக்குப் போன பெண்களுக்கும், தம் வீட்டையே சுத்தம் செய்த பெண்களுக்கும் நுரையீரல் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. நம் ஊரில் பினாயிலும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கையாளும் பெண்களை இப்படி இருபது ஆண்டுகள் யார் பின்தொடர்வது?

எண்ணிக்கை என்ற காரியத்திலேயே அவள் எப்படி நழுவிப்போகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். 1990களில் குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமைக்கான பன்னாட்டு ஆய்வு ஒன்று நடந்தது. 1998இல் வந்த முடிவுகளில் 56 நாடுகளின் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இடம்பெற்றார்கள். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உச்சியில் இருந்தன. இந்தோனேசியா, சீனா, அல்பேனியா, கிரீஸ், இந்தியா போன்றவை கீழே. உச்சிக்கும் அடிக்கும் இருபது மடங்கு வித்தியாசம்.

அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி, கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் விசிலடிப்பதுபோல் சத்தம் வந்ததா என்பது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் போதும். பல மொழிகளில் அப்படியொரு தனிச்சொல் கிடையாது என்பதால், நோயாளியின் மூச்சைப் படம்பிடித்து வீடியோவாகவும் காட்டிக் கேட்டார்கள். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இரைப்பு, மூச்சிரைப்பு, இளைப்பு. ஈழத்தில் முட்டு, தொய்வு. இப்போது எல்லா வீட்டிலும் ‘வீசிங்’. இவற்றில் என்னைத் தொந்தரவு செய்யும் சொல் இளைப்பு. களைப்புக்கும் அதுதான், மெலிவுக்கும் அதுதான், ஆஸ்துமாவுக்கும் அதுதான். இளைப்பாறு என்றால் ஓய்வெடு. ‘அம்மாவுக்குக் கொஞ்சம் இளைப்பா இருக்கு’ என்று ஒரு வீட்டில் சொன்னால் அது நோயா, நாளெல்லாம் வேலை பார்த்த அலுப்பா? வீட்டார் இரண்டாவதையே கேட்டுக்கொள்வார்கள். அவளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டிருப்பாள்.

சிறுவயதில் ஆஸ்துமா பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கு அதிகம். பருவமடையும் காலத்தில் இது தலைகீழாகிறது. வளர்ந்தவர்களில் பெண்களுக்கே அதிகம், கடுமையாக வருவதும் அவர்களுக்கே அதிகம். ஹார்மோன்களுக்கு இதில் பங்குண்டு. ஆக, பதின்மூன்று பதினான்கு வயதில் எண்ணி நிறுத்திக்கொள்ளும் கணக்கு, பெண்ணுக்கு நோய் தொடங்கும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இந்தியாவில் வயதுவந்தோரை வைத்து 12 இடங்களில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டதில் ஆஸ்துமா இரண்டு சதவீதத்தினருக்கு. ஆபத்துக் காரணிகளில், வீட்டில் மற்றவர் புகைப்பதும் புகைவிடும் எரிபொருளில் சமைப்பதும் இருந்தன. இரண்டும் யார் மூச்சில் போகின்றன என்று விளக்க வேண்டியதில்லை. சதவீதத்தை மட்டும் பார்த்தால் நாம் தப்பித்துவிட்டோம் என்றே தோன்றும். ஆனால் உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில் இருக்கிறார்கள், ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கே நடக்கிறது. நோய் குறைவாகவும் சாவு அதிகமாகவும் இருக்கும் இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கிறது: எண்ணுவது தவறுகிறது, அல்லது எண்ணப்பட்டவருக்கு மருந்து போய்ச் சேரவில்லை. இங்கே இரண்டும்.

தடுப்பு இன்ஹேலரை நாள் தவறாமல் எடுத்தால் பெரும்பாலோருக்கு நோய் அடங்கி இருக்கும். இது மருத்துவ உலகில் பழைய செய்தி. நம் வீடுகளில் இன்ஹேலர் என்பது கடைசிக் கட்டம், பழகினால் விடாது, கல்யாணம் ஆகிற பெண்ணுக்கு ஆகாது. வரன் பார்க்கும் காலத்தில் மகளின் இன்ஹேலரை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றித் தரும்படி கேட்கும் பெற்றோர் உண்டு. என் வகுப்புகளில் பென்சில் பைக்குள் அதை ஒளித்துவைக்கும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். கழிவறைக்குப் போய் இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தி என்னிடம், ‘கல்யாணத்துக்கு அப்புறம் அவர்கிட்டயே சொல்லிக்கலாம்னு அம்மா சொல்றாங்க மேம்’ என்றாள். அதற்குள் மூச்சு முட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்வேன் என்றாள்.